கையைத் தூக்காதீங்க மாமா

என் மாமனார் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்த அன்றுதான் வீட்டில் சந்தேகம் முளைத்தது.

அவர் ஓய்வுபெற்ற போக்குவரத்துக் காவலர். வேலையில் இருந்த காலத்திலேயே அத்தை தேய்த்துக் கொடுத்தால்தான் பேண்ட்டுக்கு மடிப்பு. ஓய்வுக்குப் பிறகு தொளதொளத்த அரைக்கால் சட்டைக்கு மாறி, சவரத்தை வாரத்துக்கு ஒருமுறை என்று சுருக்கிக்கொண்டு, சோபாவின் ஒரு மூலையில் குழி விழுகிற அளவுக்கு உட்கார்ந்துவிட்டார். அப்படிப்பட்டவர் திடீரென்று பழைய காக்கி பேண்ட்டைத் தேடி எடுத்துத் தானே தேய்க்கிறார். தினமும் சவரம். ஷூவுக்குப் பாலிஷ். காலையில் தேநீர் குடித்த கையோடு வாசல் கேட்டுக்குப் போய் நின்றுவிடுகிறார். திரும்பி வரும்போது வாயில் விசில் சத்தம் வேறு.

அத்தை என்னைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போய், அதை ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்குள் ரகசியம் சொன்னார்.

"உன் மாமாவுக்கு எவளோ ஒருத்தி மாட்டியிருக்கா."

"அத்தை! மாமாவுக்கா?"

"ஏன், அவருக்கு என்ன குறைச்சல்?" என்று சட்டென்று கோபித்துக்கொண்டார். பிறகு நினைவு வந்து மறுபடியும் சோகமானார். "நீ கொஞ்சம் கண்டுபிடிச்சுச் சொல்லு. நான் போய் நின்னா உஷாராயிடுவாரு."

எனக்கு எங்கே நேரம்? நான் வேலைக்குப் போகிறவள். என் கணவர் கப்பலில் வேலை செய்கிறார். அவர் எந்தக் கடலில் இருக்கிறார் என்பதே பாதி நாள் எனக்குத் தெரியாது. நான் வேலை செய்வது ஓட்டுநர் இல்லாத மின்சாரப் பேருந்துகளின் கன்ட்ரோல் ரூமில். பஸ் தானாகவே ஓடும். எங்காவது குழம்பிப்போய் நின்றால் என் திரையில் மணியடித்துக் கேட்கும். நான் பார்த்து, போகலாம் என்றால் பச்சைப் பொத்தானை அழுத்துவேன். தேவைப்பட்டால் பஸ்ஸின் ஒலிபெருக்கியில் பேசுவேன், அதன் மைக் வழியாக உள்ளேயும் வெளியேயும் நடப்பதைக் கேட்பேன். அக்கம்பக்கத்தில் யாராவது "மருமக என்ன வேலை பாக்குது?" என்று கேட்டால் மாமா சொல்லும் பதில் ஒன்றுதான்.

"ஏதோ ஆபீஸ்ல உக்காந்து டிவி பாக்குது. அதுக்குச் சம்பளம் குடுக்குறாங்க."

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். அவர் வருடக்கணக்காக நின்ற சந்திப்பில் ஒருநாள் தானியங்கி சிக்னலை நட்டுவிட்டு, அவரை உள்ளே கூப்பிட்டுக் கோப்பு தூக்கும் வேலையில் போட்டார்கள். "ஒரு கம்பத்துல மூணு பல்ப மாட்டி என் வேலையப் புடுங்கிட்டானுங்க" என்று இன்றைக்கும் சொல்வார். மெஷின் என்ற பேரில் எது வந்தாலும் அவருக்கு ஆகாது. மிக்ஸி ஓடினால்கூட முறைப்பார்.

அத்தையின் தரப்பு வேறு. "சிக்னல் வந்து என்ன கெட்டுப்போச்சு? இவரு நில்லுன்னு கை காட்டுவாரு. வண்டிக்காரனுங்க வணக்கம் வைக்கிறாருன்னு நெனச்சு, பதிலுக்குக் கையாட்டிட்டுப் போயிட்டே இருப்பானுங்க. அபராதம் போட்டா சீட்டை வாங்கி மூக்கு தொடச்சிட்டுப் போவானுங்க." மாமா இதை மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

இது இப்படியிருக்க, எங்கள் அலுவலகத்தில் வேறொரு தலைவலி. ஆற்றுப்பாலத்திலிருந்து பெரிய மருத்துவமனை வரை போகிற வழித்தடத்தில் ஒரு பஸ் தினமும் வழியில் ஒரே இடத்தில் நின்று நேரத்தைக் கோட்டைவிட்டது. அந்த வழியில் இருக்கிறவர்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தார்கள். பளபளவென்று வருகிறது, மெதுவாக வருகிறது, எல்லாரும் வழிவிட வேண்டியிருக்கிறது, ஏன் என்று கேட்க ஆளில்லை. வேறென்ன பேர் வைப்பார்கள்?

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பேர் சராசரி. எதைப் பற்றிப் பேசினாலும் சராசரியில்தான் முடிப்பார். மதிய உணவு எப்படி இருந்தது என்று கேட்டால்கூட, "போன வாரத்தோட ஒப்பிட்டா சராசரி" என்பார். மாப்பிள்ளையால் அவருடைய சராசரி கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. சோதனை ஓட்டத்தின் கடைசி நாளில் போக்குவரத்து ஆணையர் அம்மாவே அந்த பஸ்ஸில் ஏறிப் பார்க்கப் போகிறார். சரியாக ஓடினால் வழித்தடம் நிலைக்கும். தற்காலிகமாக இருக்கும் நாங்கள் எல்லாரும் நிரந்தரம் ஆவோம். ஓடாவிட்டால் வழித்தடமும் இல்லை, நாங்களும் இல்லை. புருஷன் கடலில் மிதக்கிறார். என் வேலையாவது தரையில் நிற்கட்டும் என்று எனக்கு ஆசை. அதைத் தவிர அப்போது வேறெதுவும் நான் வேண்டிக்கொள்ளவில்லை.

அந்த வழித்தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் பிரசவ விடுப்பில் போக, அது என் திரைக்கு வந்தது. முதல்நாள் காலையிலேயே மணியடித்தது. பஸ் நின்றிருந்தது. முன் கேமராவைப் பெரிதாக்கினேன். ஒரு வெள்ளைக் கையுறை, விறைப்பாக, நில் என்று நீண்டிருந்தது. கையுறைக்குப் பின்னால் காக்கி பேண்ட். பேண்ட்டுக்குப் பின்னால் நீலப் பெயிண்ட் உரிந்த இரும்பு கேட். அதற்கும் பின்னால், கொடியில், என் பூப்போட்ட நைட்டி.

மாமா பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேரை நிதானமாகத் தெருவைக் கடக்க வைத்தார். பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் வரை யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். யாரும் வரவில்லை. ஆனாலும் கையை இறக்கவில்லை. பஸ்ஸை இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து ரசித்தார். அப்புறம் ஒரு சுழற்று சுழற்றிப் போ என்று காட்டினார். மாப்பிள்ளை பணிவாகக் கிளம்பிப் போனது.

இந்த பஸ்களுக்குக் கற்பித்த முதல் பாடமே அதுதான்: காவலர் கை காட்டினால் நில், அவர் விட்டால்தான் போ, கன்ட்ரோல் ரூம் சொன்னாலும் கேட்காதே. அதுவரை என் பச்சைப் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். ஓய்வுபெற்ற காவலர் என்று ஒரு வகை உண்டு என்பதை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"ஏதாவது தெரிஞ்சுதா?" என்று சராசரி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். சட்டென்று திரையைச் சின்னதாக்கினேன்.

"மர நிழலா இருக்கும் சார். கேமரா குழம்புது."

மறுநாளே ஆள் அனுப்பி எங்கள் தெரு மரத்தில் நல்ல தடியான கிளை ஒன்றை வெட்டிவிட்டார். பாவம், அந்த மரம் யாரையும் நிறுத்தியதில்லை.

அன்று சாயங்காலம் அத்தையைத் துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி உண்மையைச் சொன்னேன். "அத்தை, எவளும் இல்ல. பஸ்ஸு."

"பஸ்ஸா?" அத்தை இயந்திரத்தை நிறுத்தினார். முகத்தில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் அதிகம் தெரிந்தது. "பஸ்ஸுக்காகவா ஷூவுக்குப் பாலிஷ் போடுறாரு? எங்க கல்யாணத்துக்கே செருப்புலதான் வந்தாரு."

மாமா சோபாவில் இருந்தார். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கோபமாக ஆரம்பிக்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"மாமா, நீங்க காலைல பஸ்ஸை நிறுத்துறீங்க."

கையும் களவுமாக மாட்டிய திருடனைப் போல விழித்தார். "யார் சொன்னா?"

"நான் டிவி பாக்குறவ மாமா. டிவியில வந்தீங்க."

சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, பக்கத்து அறையில் அத்தை காதைத் தீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தும், குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அன்னிக்கு ஒரு புள்ள ஓடுச்சும்மா. பழக்கத்துல கையத் தூக்கிட்டேன். அது நின்னுச்சு. நெசமா நின்னுச்சும்மா. நான் விடுற வரைக்கும் அசையல. யாராவது பாத்தாங்களான்னு சுத்திப் பாத்தேன், ஒருத்தரும் இல்ல. என் சர்வீஸ்லயே என் கைக்கு நின்ன மொத வண்டி அதுதான்."

ஒத்திகை பார்த்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் நிரந்தரம் என்ற சொல் கண்முன்னே வந்து நின்றதால் மனசைக் கல்லாக்கிக்கொண்டேன். ஆணையர் வருவதைச் சொன்னேன். என் வேலை போய்விடும் என்பதையும் சொன்னேன்.

"அந்த ஒருநாள் மட்டும் கையத் தூக்காதீங்க மாமா. வேணும்னா கேட்டுகிட்ட நின்னு பாருங்க. கையுறை வேண்டாம். கை பின்னாடியே இருக்கட்டும். என்ன ஆனாலும் தூக்கக் கூடாது."

எழுந்து போய் அலமாரியிலிருந்து தன் பழைய தொப்பியை எடுத்து வந்தார். அதன்மேல் கையை வைத்து, "தொப்பி மேல சத்தியம். என்ன ஆனாலும் தூக்க மாட்டேன்" என்றார். பிறகு அதைத் துடைத்து அலமாரியிலேயே வைத்துவிட்டார்.

ஆணையர் வரும் நாள் வந்தது. சராசரி புதுச் சட்டை போட்டுக்கொண்டு அந்த அம்மாவோடு பஸ்ஸில் ஏறினார். நான் திரைக்கு முன்னால் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பாலத்தைத் தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. "மனிதர்களோட பழகப் பழக, இடத்துக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கக் கத்துக்கும் மேடம்" என்று சராசரி உற்சாகமாக விளக்குவது என் காதில் விழுந்தது.

எங்கள் தெருவுக்குள் திரும்பியது. கேட்டுக்கு முன்னால் மாமா. காக்கி பேண்ட், நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது, இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்திருக்கின்றன. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று நான் மூச்சு விடுவதற்குள் மாப்பிள்ளை அவருக்கு முன்னால் வந்து, மெதுவாக நின்றது.

திரையில் எழுத்து ஓடியது: காவலர் அனுமதிக்காகக் காத்திருக்கிறேன்.

கற்றுக்கொண்டுவிட்டது. இந்த கேட்டுக்கு முன்னால் இந்த மனிதர் நின்றால், இவர் விட்டால்தான் போக வேண்டும் என்று தினம் தினம் படித்துத் தேர்ந்துவிட்டது. இன்று அவர் நிறுத்தவில்லை. ஆனால் போகவும் சொல்லவில்லையே!

"வண்டி ஏன் நிக்குது?" சராசரியின் கிசுகிசுப்பு. "பொத்தானை அழுத்துங்க."

"அழுத்த முடியல சார். காவலர் நிக்கிறார்னு சொல்லுது."

"எந்தக் காவலர்? இங்க ஒரு பெரியவர் சும்மா நிக்கிறாரு. கையக்கூட ஆட்டல."

"அதுதான் சார் பிரச்சினை."

மாமாவின் கைபேசிக்கு அடித்தேன். அவருடைய சட்டைப் பையில் வெளிச்சம் மினுங்குவது திரையிலேயே தெரிந்தது. அவர் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தார். எடுக்கவில்லை. எடுத்தால் கையைத் தூக்க வேண்டுமே. பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் பைக்குகள். தெருவே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. மாமாவின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து மூக்கு நுனியில் தொங்கியது. அதையும் துடைக்கவில்லை.

சத்தம் கேட்டு அத்தை ஈரக் கையோடு ஓடி வந்தார்.

"ஏங்க, ரோட்டையே அடைச்சிக்கிட்டு நிக்குது, விடுங்களேன் அதை!"

"நான் எங்க புடிச்சு வச்சிருக்கேன்? சும்மாதான நிக்கிறேன்."

"கையக் காட்டி அனுப்புங்க!"

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். பிறகு தானே முன்னால் போய்ப் பஸ்ஸைப் பார்த்து, எங்கள் வீட்டில் யாரையும் ஒரே நொடியில் எழுப்பி ஓடவைக்கும் அந்தக் குரலில், "ம், போ!" என்று கையை வீசினார். மாப்பிள்ளை அசையவில்லை. அடையாளம் தெரியாத நபர் என்று என் திரையில் எழுத்து வந்தது. அத்தையை மதிக்காத ஒரு ஜீவனை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த அவஸ்தையிலும் மாமாவின் உதட்டோரம் லேசாகத் துடித்ததையும் பார்த்தேன்.

"மேடம் கடிகாரத்தைப் பாக்குறாங்க" என்று சராசரியின் குரல் அழுகிற பதத்துக்கு வந்தது. "ஏதாவது பண்ணுங்க!"

பண்ண ஒன்றுதான் இருந்தது: ஒலிபெருக்கி. அதில் பேசினால் என் வீடு, என் மாமனார், நான் சொன்ன மர நிழல் எல்லாமே ஆணையர் முன்னால் வெட்டவெளிச்சமாகிவிடும். பேசாவிட்டால் மாமா வெயிலில் அப்படியே நிற்பார். இருட்டினாலும் நிற்பார், அவர் குணம் எனக்குத் தெரியும். எனக்காகக் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிற மனிதரைப் பார்த்தேன். போகிற வேலை போகட்டும் என்று பொத்தானை அழுத்தினேன்.

"மாமா!" என்றது பஸ்.

தெரு கப்சிப். லாரிக்காரர்கூட ஹாரனிலிருந்து கையை எடுத்தார். அந்த அமைதியில் யாரோ, "மாப்பிள்ளை மாமாவக் கூப்பிடுறாருடா!" என்று கத்த, தெருவே சிரித்தது.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. பஸ்ஸை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, நீயா?"

"நான்தான் மாமா. கையக் காட்டி அனுப்புங்க."

"தூக்க மாட்டேன்மா. உன் வேலை போயிடும்."

"நீங்க தூக்கலன்னாதான் மாமா போகும். சத்தியத்தை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

அவர் யோசித்தார். சட்டதிட்டப்படி நடக்கிறவர். "தொப்பி மேல பண்ணுன சத்தியம். வாபஸ்னாலும் தொப்பி வேணும்."

"அத்தை, தொப்பி!" என்று பஸ் அலறியது. அத்தை உள்ளே பாய்ந்தார். தொப்பியோடு வந்து, எக்கி நின்று அதை அவர் தலையில் வைத்தார். வைத்துவிட்டு முந்தானையால் அவர் மூக்கு நுனி வியர்வையையும் துடைத்துவிட்டார். கல்யாணமானதிலிருந்து அவரைத் திட்டிக்கொண்டே இருக்கும் அத்தை, கோணலாக இருந்த தொப்பியைச் சரிசெய்து ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்ததை நான் மறக்க மாட்டேன்.

"வாபஸ் மாமா" என்றேன்.

மாமா கையை விடுவித்தார். முதலில் லாரியைப் பார்த்து நில் என்று ஒரு கையை நீட்டினார். லாரிக்காரர் ஏற்கெனவே நின்றுதான் இருந்தார். ஆனாலும் மரியாதைக்காக இன்ஜினை அணைத்தார். மற்றொரு கையால் பஸ்ஸுக்கு ஒரு சுழற்று. மாப்பிள்ளை நகர்ந்தது.

நகரும்போது ஜன்னலைத் திறந்து ஆணையர் அம்மா தலையை நீட்டினார். "ஏங்க, இந்த பஸ் உங்கள மாமான்னு கூப்பிடுதே, யார் ஓட்டுறது இதை?"

மாமா விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"என் மருமக மேடம். அவதான் ஓட்டுறா."

என் திரை மங்கலானது. கேமரா கோளாறு இல்லை.

சாயங்காலம் சராசரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பையை எடுத்துக்கொண்டுதான் போனேன். ஆணையர் வழித்தடத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டாராம். தாமதம் தாமதம்தான், ஆனால் ஒரு மனிதர் சொல்லுக்கு அது அத்தனை நேரம் பொறுமையாக நின்றது பிடித்திருக்கிறது என்றாராம். ஒவ்வொரு பஸ்ஸையும் யார் கவனிக்கிறார் என்பது அந்தந்தத் தெருவுக்குத் தெரிய வேண்டும், வாரம் ஒருமுறையாவது அவர் குரல் கேட்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். நிரந்தரம் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

"ஆனா ரெண்டு விஷயம்" என்றார் சராசரி. "அந்த கேட் முன்னாடி வண்டி கத்துக்கிட்டதை நீங்களே அழிச்சிடணும். சீருடையில இல்லாத யாருக்கும் அது இனிமே நிக்கக் கூடாது. அப்புறம், அந்த மரத்துக்கு நீங்கதான் தண்ணி ஊத்தணும்."

தண்ணீர் ஊற்றுவது சுலபம். மற்றதற்குத்தான் என் விரல் நெடுநேரம் தயங்கியது. அழித்துவிட்டேன்.

மறுநாள் காலை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாமா அதே இடத்தில் நின்றார். பஸ் வந்தது. கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டமாகத் தெருவில் இறங்கினார்கள். பஸ் நின்றது. பிள்ளைகள் கடந்தார்கள். கடைசிப் பிள்ளை நடைபாதையில் ஏறியதுமே, மாமாவின் கை இறங்கும் முன்பே, பஸ் கிளம்பிப் போய்விட்டது. தூக்கிய கையோடு அவர் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ராத்திரிச் சாப்பாட்டில் நான் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"இன்னிக்கு வண்டி எனக்காக நிக்கல. புள்ளைங்களுக்காகத்தான் நின்னுச்சு. எனக்குத் தெரியும்."

"மாமா..."

"இரும்மா. சரியான எடத்துல நிறுத்துன. புள்ளைங்க அந்தப் பக்கம் ஏறுற வரைக்கும் பொறுத்த. கொற சொல்ல முடியாது." தண்ணீரை எடுத்துக் குடித்தார். குரல் மாறியது, எங்கோ ஒரு சந்திப்பின் நடுவில் நின்று பேசுகிற குரல். "ஆனா முனையில திரும்பும்போது லைட்டை லேட்டாப் போடுற. நேத்தும் பாத்தேன், இன்னிக்கும் பாத்தேன். பின்னால வர்றவன் என்ன ஜோசியமா பாப்பான்? என் டியூட்டியா இருந்தா உனக்கு அபராதம் போட்டிருப்பேன்."

"போடுங்க, போடுங்க" என்றார் அத்தை. "நீங்க போட்ட அபராதத்தை எவன் கட்டியிருக்கான்?"

விளக்கைப் போடுவது பஸ், நானில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஓட்டுநரைக் காவலர் பார்க்கிற பார்வையோடு.

"தப்புதான் மாமா" என்றேன். "கட்டிடுறேன்."